முயலின் காய்ச்சலும் லாட நண்டின் நீல இரத்தமும்

விலங்குகளை வைத்து மருந்து சோதிப்பது தப்பில்லையா, அதை இன்றைக்கே நிறுத்திவிட்டால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்கு ஒரே வரியில் தீர்ப்பு சொல்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எனக்கு எந்தப் பக்கமும் சேர மனமில்லை. ‘விலங்குச் சோதனை’ என்று மொத்தமாகப் பேசும்போது, அந்த விலங்கிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதே மறைந்துபோகிறது. கேள்வி குறுகலாகவும் தெளிவாகவும் இருந்தால், அதே பதிலை வேறு இடத்திலும் வாங்கிவிடலாம். ஒரே ஒரு சோதனையின் நூறாண்டுக் கதையைச் சொன்னால் இது புரியும்.

அதற்கு முன், இந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் குடிப்பதற்கு வசதியாக டை-எத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். நாக்குக்கு இனிப்பு, சிறுநீரகத்துக்கு நஞ்சு. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். மறு ஆண்டே, மருந்து பாதுகாப்பானது என்று காட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. நடைமுறையில் அது விலங்குச் சோதனை என்றே ஆனது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் மூன்று நெறிகளை முன்வைத்தார்கள்: முதலில் விலங்குக்கு மாற்று தேடு, கிடைக்காவிட்டால் எண்ணிக்கையைக் குறை, எப்படியானாலும் வேதனையைக் குறை. ஆய்வகங்களின் நெறிமுறைக் குழுக்கள் இன்றும் பெரும்பாலும் இதை வைத்துத்தான் பேசுகின்றன.

இனி நம் சோதனை. இரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றத் தொடங்கிய காலத்தில் மருத்துவர்களுக்கு விளங்காத ஒரு தொல்லை இருந்தது. கிருமியெல்லாம் கொன்ற திரவத்தைத்தான் ஏற்றுவார்கள். இருந்தும் கொஞ்ச நேரத்தில் சிலருக்குக் குளிர் நடுக்கம் எடுத்துக் காய்ச்சல் அடிக்கும். 1920களில் அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் சைபர்ட் என்ற உயிர்வேதியியலாளர் இதன் மூலத்தைப் பிடித்தார். குற்றவாளி, காய்ச்சி வடித்த நீர். நீர் கொதிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகள் ஆவியோடு சேர்ந்து வடிநீருக்குள் போய்விடுகின்றன. பாக்டீரியாவின் மிச்சம் அந்தத் துளிகளில் இருக்கிறது. துளிகளைத் தடுக்கும் ஓர் அமைப்பை வடிகலனில் பொருத்தினார், காய்ச்சல் நின்றது.

பாக்டீரியா செத்தாலும் ஏன் காய்ச்சல்? ஈ.கோலி போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு நெருக்கமாகப் பதிந்திருக்கும். கொழுப்பு வால், சர்க்கரைத் தலை. இதைத்தான் எண்டோடாக்சின் என்கிறோம். 121 டிகிரி நீராவியில் பாக்டீரியா சாகும், இது சாகாது. ஏனென்றால் இதற்கு உயிரே கிடையாது. கண்ணாடிக் குப்பிகளிலிருந்து இதை ஒழிக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வாட்ட வேண்டும். மனித உடல் இதை மோப்பம் பிடிப்பதில் கெட்டி. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நானோகிராம் அளவு இரத்தத்தில் கலந்தாலே போதும்: வெள்ளணுக்கள் அதைக் கண்டு இன்டர்லூக்கின் என்ற அபாயச் செய்திப் புரதங்களைக் கொட்டும், மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடும், உடல் வெப்பம் ஏறும்.

ஆக, ஒவ்வொரு ஊசிமருந்துத் தொகுதியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் காய்ச்சல் கிளப்பும் பொருள் இருக்கிறதா, இல்லையா? சுண்டெலியைக் கேட்டுப் பயனில்லை. எண்டோடாக்சினை அது அநாயாசமாகத் தாங்கிக்கொள்ளும். முயல் கிட்டத்தட்ட மனிதனின் அளவிலேயே காய்ச்சல் காட்டும். அதனால் 1942இல் அமெரிக்க மருந்தியல் தொகுப்பில், அதாவது மருந்துகளின் தரத்தையும் சோதனை முறைகளையும் வகுக்கும் அதிகாரபூர்வ நூலில், முயல் சோதனை ஏறியது. மூன்று முயல்களைத் தலை மட்டும் வெளியே தெரிய, திரும்ப முடியாத பெட்டிகளில் உட்காரவைப்பார்கள். ஆசனவாயில் வெப்பமானி. காதின் இரத்தக்குழாயில் மருந்து. அடுத்த மூன்று மணி நேரம் வெப்பத்தைக் குறித்துக்கொண்டே இருப்பார்கள். எதாவது ஒன்றுக்கு அரை டிகிரி ஏறினாலும் மருந்து அத்தோடு தேறிவிடாது, இன்னும் ஐந்து முயல்கள் வரும். பெரும்பாலும் முயல் சாவதில்லை. அது ஆறுதலா, சில நாள் ஓய்வுக்குப் பிறகு அதே முயல் மறுபடி பெட்டிக்கு வரும் என்பது வேதனையா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

1950களில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் ஃபிரெடரிக் பேங் என்பவர் லாட நண்டுகளுக்குக் கடல் பாக்டீரியாவை ஊசி மூலம் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை லாட வடிவ ஓடு, ஈட்டி வால், சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவு. 44 கோடி ஆண்டுக்கும் பழைய பாறைகளிலேயே இதன் வம்சத்துப் புதைபடிவம் கிடைக்கிறது. ஒரு நண்டு செத்தது. அறுத்துப் பார்த்தால் உடம்பிலிருந்த இரத்தம் முழுக்க உறைந்து கிடந்தது. 1956இல் பேங் இதை வெளியிட்டார். பிறகு ஜாக் லெவின் என்ற இரத்தவியல் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். செத்த பாக்டீரியாவும் அதே வேலையைச் செய்தது. பாக்டீரியாவே இல்லாமல் எண்டோடாக்சின் மட்டும் இருந்தாலும் உறைந்தது.

எதற்காக உறைய வேண்டும்? லாட நண்டுக்கு எதிர்ப்பொருள்கள் கிடையாது, ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைக்கும் செல்களும் கிடையாது. திறந்த இரத்த ஓட்டம்; இரத்தம் உடலின் இடுக்குகளில் நேரடியாகத் திசுக்களை நனைத்தபடி ஓடுகிறது. குடியிருப்பதோ மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் பாக்டீரியா மிதக்கும் கடல்நீரில், அதிலும் பெரும்பான்மை கிராம்-நெகட்டிவ் வகை. ஓட்டில் ஒரு கீறல் விழுந்து உள்ளே புகுந்தால் தலைமுதல் வால்வரை பரவ வேண்டியதுதான். புகுந்ததை அந்த இடத்திலேயே பூட்டிப்போடுவது ஒன்றே வழி.

பூட்டும் வேலைக்கு அதன் இரத்தத்தில் அநேகமாக ஒரே வகைச் செல்தான் இருக்கிறது, அமீபோசைட். இரத்தத்தின் நீல நிறம் இதனால் வருவதில்லை. அது ஆக்சிஜன் சுமக்கும் செம்புப் புரதத்தின் நிறம். அமீபோசைட்டின் உள்ளே பை பையாக நொதிகள் அடைந்து கிடக்கும். எண்டோடாக்சின் மேலே பட்டதும் செல் பைகளை வெளியே கொட்டிவிடும். கொட்டியதில் முதலாவது ‘காரணி சி’. எண்டோடாக்சின் பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும் இரண்டு காரணி சி மூலக்கூறுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. வெட்டுப்பட்டால்தான் அவற்றுக்கு உயிர். அப்படி விழித்த ஒரு காரணி சி, எத்தனையோ ‘காரணி பி’க்களை வெட்டி எழுப்பும். விழித்த ஒவ்வொரு காரணி பியும் அடுத்த நொதியை எழுப்பும். நொதி என்பது வேலை முடிந்ததும் செலவாகிப் போகாது, வெட்டிவிட்டு அடுத்ததைத் தேடும். அதனால் படிக்குப் படி பெருகி, கண்ணுக்கே எட்டாத சொற்ப எண்டோடாக்சின் கண்ணால் பார்க்கும் விளைவாகிறது.

கடைசி வெட்டு இன்னும் அழகு. கோயாகுலோஜன் என்ற 175 அமினோ அமில நீளமுள்ள புரதம் அதுவரை அமீபோசைட்டின் பைகளுக்குள் சாதுவாக இருக்கும். கடைசி நொதி அதை இரண்டு இடத்தில் வெட்டி, நடுவிலிருந்து 28 அமினோ அமிலத் துண்டை மட்டும் உருவி எடுக்கிறது. மீதி இரண்டு பாகமும் கந்தகப் பிணைப்புகளால் சேர்ந்தே நிற்கும். ஆனால் அந்தத் துண்டு மூடிவைத்திருந்த, நீரை வெறுக்கும் பகுதி இப்போது வெளியே தெரிகிறது. அது ஒதுங்க இடம் தேடிப் பக்கத்து மூலக்கூறின் வாலில் போய்ச் செருகிக்கொள்கிறது. அதன் தலை இன்னொன்றின் வாலில். இரயில் பெட்டிகள் கோத்துக்கொள்வதுபோல் நீள நீளமாகக் கோத்து, வலையாகி, கெட்டியான ஜெல் ஆகிறது. பாக்டீரியா உள்ளே மாட்டிக்கொள்ளும். உடனிருக்கும் கிருமிக்கொல்லிப் புரதங்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நோய் எதிர்ப்பும் இரத்த உறைவும் இங்கே ஒரே வேலை.

இதைக் குப்பிக்குள் கொண்டுவருவது எளிது. செல்களைப் பிரித்தெடுத்துத் தூய நீரில் போட்டால் ஊதி வெடிக்கும். வெளிவரும் சாறுதான் ‘லைசேட்’. அதில் 0.1 மில்லி, மருந்தில் 0.1 மில்லி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். உள்ளே இருப்பது வழியாமல் மேலேயே ஒட்டி நின்றால், மருந்தில் எண்டோடாக்சின் இருக்கிறது. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி அளித்தது. முயலைவிட நுட்பமான பதில், அளவோடு சொல்லும் பதில். லட்சக்கணக்கான முயல்கள் தப்பின.

இங்கேதான் நெறி விவாதம் சுவாரசியமாகிறது. முயலுக்குப் பதில் நண்டு வந்தது. விலங்கு போய்விட்டதா என்ன? ஆண்டுதோறும் அமெரிக்கக் கடற்கரையில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட லாட நண்டுகளைப் பிடித்து, ஓட்டின் மடிப்பில் ஊசி செருகி, உடலிலுள்ள இரத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வடிய விட்டுக் கடலில் திருப்பிவிடுகிறார்கள். அவற்றில் 15 விழுக்காடு செத்துப்போவதாகக் கணக்கு வைக்கிறார்கள். 30 விழுக்காடு வரை சொல்லும் ஆய்வுகளும் உண்டு. இதன் முட்டையைத் தின்று பலம் பெற்று ஆர்க்டிக் வரை பறக்கும் ‘ரெட் நாட்’ என்ற உள்ளான் போன்ற கரைப்பறவைகளும் சேர்ந்து அடிவாங்குகின்றன. ஆசியக் கடல்களின் ஓர் இனம் 2019இல் அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலில் ஏறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு ஆய்வக விலங்குச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றையும், ஆக்டோபஸ் வகையையும்தான் கணக்கில் எடுக்கிறது. லாட நண்டு எத்தனை செத்தாலும் அந்தப் புள்ளிவிவரத்தில் வராது. காகிதத்தில் பார்த்தால் விலங்கு எண்ணிக்கை குறைந்துவிட்டது! முயலுக்கு மெத்தென்ற ரோமமும் பெரிய கண்ணும் இருக்கின்றன, அதற்காகப் போராடுவார்கள். பத்துக் கால் ஓட்டுப் பிராணிக்காக யார் பதாகை பிடிப்பார்கள்? நம் இரக்கத்துக்கும் முகராசி தேவைப்படுகிறது.

நண்டையும் விடுவிக்கும் வழி அந்த இயங்குமுறைக்குள்ளேயே இருந்தது. எண்டோடாக்சினை உண்மையில் அடையாளம் காண்பது காரணி சி மட்டும்தான், மற்றதெல்லாம் ஒலிபெருக்கும் வேலை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜெக் லிங் டிங், போ ஹோ இருவரும் அந்த ஒரு மரபணுவை எடுத்து வேறு செல்களில் வைத்துக் காரணி சியை உற்பத்தி செய்தார்கள். ஜெல்லுக்குப் பதிலாக, வெட்டுப்பட்டால் ஒளிரும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் போதும். கூடுதல் இலாபமும் உண்டு: லைசேட்டில் பூஞ்சைச் சர்க்கரைக்கு உறையும் இன்னொரு காரணியும் இருப்பதால் சில சமயம் பொய் எச்சரிக்கை வரும், இதில் அந்தத் தொல்லை இல்லை.

இது 2003இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. இதைக்கொண்டு சோதிக்கப்பட்ட ஒரு மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைக்க 2018 ஆனது. ஐரோப்பிய மருந்தியல் தொகுப்பில் தனி அத்தியாயமாக இடம்பெற 2021. அமெரிக்கத் தொகுப்பில் 2025. காப்புரிமை காரணமாக ஆரம்பத்தில் ஒரே நிறுவனம் விற்றது, ஒருவரை மட்டும் நம்பி மருந்து ஆலைகள் மாறத் தயங்கின, ஒழுங்குமுறை அமைப்புகள் இன்னும் தரவு கேட்டன. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். புதுச் சோதனை பழைய சோதனைக்குச் சமம் என்று நூற்றுக்கணக்கான மருந்துகளில் ஒப்பிட்டுக் காட்டுவது சலிப்பான வேலை. அதற்கு விருது இல்லை, பெரிய ஆய்விதழில் இடமில்லை, நிதியும் கிடைப்பதில்லை.

சரி, எல்லாச் சோதனையையும் இப்படி மாற்றிவிட முடியுமா? முயலிடம் இன்னும் ஒரு வித்தை பாக்கி இருந்தது: எண்டோடாக்சின் அல்லாத காய்ச்சல் பொருளையும் அது காட்டிக்கொடுக்கும், நண்டு காட்டாது. அதற்கும் மனித இரத்தத்தின் மோனோசைட் என்ற வெள்ளணுக்களைக் குழாயில் வைத்து, அவை இன்டர்லூக்கின் சுரக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை வந்துவிட்டது. ஐரோப்பியத் தொகுப்பு முயல் சோதனையையே நீக்கிவிட்டது. ஆனால், ‘இந்தப் புது மூலக்கூறு உடம்புக்குள் போனால் என்னென்ன நடக்கும்?’ என்பது அந்த மாதிரிக் கேள்வி இல்லை. கல்லீரல் அதை எதுவாக மாற்றும், அந்த மாற்றுப்பொருள் இதயத்தை என்ன செய்யும், கருவை என்ன செய்யும் என்று எங்கே பார்க்க வேண்டும் என்பதே நமக்கு முன்கூட்டித் தெரியாது. கணினி போதும் என்று இன்றைக்கே அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

விலங்கு போதும் என்பவர்களையும் நம்ப முடியாது. 2006இல் இலண்டனில் டி.ஜி.என்.1412 என்ற மருந்தை ஆறு தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குகள் பிரச்சினையின்றித் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. பிழைத்தது தீவிர சிகிச்சையால். மருந்து பற்றிக்கொள்ளும் சிடி28 என்ற புரதம் மனிதரின் ஒருவகை நினைவு டி-செல்களில் (பழைய கிருமியை நினைவில் வைக்கும் எதிர்ப்புச் செல்கள்) உண்டு, அந்தக் குரங்குகளின் அதே வகைச் செல்களில் இல்லை. குரங்கு தன்னைப் பற்றிச் சரியான பதிலைத்தான் சொன்னது.

ஆகவே வாசகருக்கு என் பதில்: ‘இன்றைக்கே எல்லாவற்றையும்’ என்பதற்கு இல்லை, ‘இன்றைக்கே சிலவற்றை’ என்பதற்கு ஆம், அந்தப் பட்டியலில் காய்ச்சல் சோதனைதான் முதலில். 2022 டிசம்பரில் அமெரிக்கா 1938 சட்டத்தைத் திருத்தி, செல் சோதனை, கணினி மாதிரி போன்ற மாற்றுத் தரவுகளையும் ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் பழைய மருந்துகளுக்குச் சோதனையை மாற்ற வேண்டுமானால், நிறுவனம் ஒப்பீட்டுத் தரவு தயாரித்து, விற்கும் நாடுகளின் அமைப்புகளிடம் மறுபடி கோப்பு நீட்ட வேண்டும். செலவு நிறுவனத்துக்கு, பலன் நண்டுக்கு என்றால் எந்தக் கணக்காளர் கையெழுத்துப் போடுவார்? அந்த ஒப்பீட்டுச் செலவைப் பொது ஆராய்ச்சி நிதியிலிருந்து கொடுத்து, தரவை எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பது என் கட்சி.