பிளாஷர் பெட்டியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

போன மாதம் பட்டறைக்கு ஒரு மார்க் 4 அம்பாசிடர் வந்தது. டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, பழைய வெள்ளை நிறத்தையே மறுபடி அடித்து, முகம் பார்க்கலாம் போல மின்னியது. ஓனர் இறங்கியதும் ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசையில் கவிழ்த்தார். உள்ளே மூன்று பிளாஷர் பெட்டிகள், அதாவது இண்டிகேட்டர் விளக்கை விட்டு விட்டு எரியவைக்கும் பெட்டிகள்.

“எல்லாம் புதுசுண்ணே. வலது பக்கம் நல்லா அடிக்குது. இடது பக்கம் போட்டா இழுத்து இழுத்து அடிக்குது, பிரேக்கை மிதிச்சா நின்னே போயிடுது. நாலாவது பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை காட்டிடலாம்னு வந்தேன்.”

கோளாறு எங்கே என்பதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், அது அவருக்குத்தான் தெரியவில்லை. பிளாஷர் பெட்டி இரண்டு பக்கத்துக்கும் பொது. வலது பக்கம் ஒழுங்காக அடிக்கிறது என்றால் பெட்டி நல்ல பெட்டி, அதற்குக் கரண்டு கொண்டுவரும் ஒயரும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது இடது பக்கத்து பல்பு, ஹோல்டர், ஒயர், எர்த் (கரண்டு பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி), அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சுவிட்சின் இடது முனை, அவ்வளவுதான். ஆனாலும் இண்டிகேட்டர் சரியில்லை என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பெட்டியை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகின்றன. கழற்றுவது சுலபம், விலையும் குறைவு, அதனால் எல்லோர் கையும் முதலில் அங்கேதான் போகிறது.

அவரையே பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு டிக்கிப் பக்கம் போய் நின்றேன். வலது பிரேக் லைட் பளிச்சென்று இருந்தது. இடது பக்கத்தில் பிரேக் பல்பும் இண்டிகேட்டர் பல்பும் சேர்ந்து அழுது வடிந்துகொண்டிருந்தன. இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம். ஒரே விளக்குக்குள் இருக்கிற இரண்டு பல்பும் ஒன்றாகச் சோர்ந்து போனால், இரண்டுக்கும் பொதுவான வழியில்தான் அடைப்பு. அந்தப் பொது வழி எர்த்.

பழைய வண்டிகளில் பல்புக்கு ஒரு ஒயர்தான் வரும். திரும்பிப் போகும் வழி பல்பின் பித்தளை உடம்பு, அதைப் பிடித்திருக்கும் ஹோல்டர், விளக்கின் தகடு, அதை பாடியில் முடுக்கியிருக்கும் ஸ்க்ரூ, பாடி, பேட்டரியின் நெகட்டிவ் என்று போகும். இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் துருவோ பெயிண்டோ புகுந்தாலும் கரண்டுக்குத் திரும்ப வழி கிடையாது, அல்லது ஒற்றையடிப் பாதைதான் கிடைக்கும். எர்த் முழுக்க அறுந்துபோனால் கரண்டு சும்மா இருக்காது, குறுக்கு வழி தேடும். இண்டிகேட்டர் பல்பு வழியாக வந்தது, பக்கத்தில் இருக்கும் 5 வாட் டெயில் லாம்ப் இழையில் பின்பக்கமாக நுழைந்து, டெயில் ஒயரைப் பிடித்து, எதிர்ப்பக்க டெயில் லாம்புக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் போய் அங்கே எர்த் ஆகும். இண்டிகேட்டர் போட்டால் சம்பந்தமே இல்லாத விளக்கு கண் சிமிட்டுகிறது, பார்க் லைட் போட்டால் இண்டிகேட்டர் செத்துவிடுகிறது, வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வருவார்களே, அதெல்லாம் இந்தக் கதைதான்.

மல்டிமீட்டரை எடுத்தேன். இடது இண்டிகேட்டரைப் போட்டு, ஒரு முனையை விளக்கின் தகட்டிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால், பல்பு எரியும்போதெல்லாம் மீட்டர் 4 வோல்ட்டைத் தாண்டியது. அங்கே பூஜ்யம் காட்ட வேண்டும், போனால் போகிறது என்று 0.2 வரை விடலாம். 4 வோல்ட் இங்கேயே தின்றுவிட்டால் பல்புக்கு மிச்சம் 8 வோல்ட்தான்.

விளக்கைக் கழற்றினால், எதிர்பார்த்தது போலவே, ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பட்டியும் அதன்மேல் பெயிண்டும். ஸ்க்ரூவின் மரையில் எங்கோ ஒரு இடத்தில் இரும்பு உரசி, அந்த உரசலில்தான் இத்தனை நாளும் ஓடியிருக்கிறது. பெயிண்டர்மேல் குற்றம் சொல்ல முடியாது, மழமழவென்று அடிப்பதுதான் அவர் வேலை. ஸ்க்ரூ தலை அளவுக்கு மட்டும் கத்தியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரிகிற மாதிரி தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து முடுக்கினேன். அதோடு விடவில்லை. விளக்குத் தகட்டிலிருந்து தனியாக ஒரு கறுப்பு ஒயர் இழுத்து, வளையத் துண்டு பிடித்து, டிக்கிக்குள் ஒரு போல்ட்டில் கட்டி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினேன். மீட்டர் 0.1க்கு இறங்கியது. இடது பக்கமும் டக் டக்கென்று அடித்தது.

டிங்கரிங், பெயிண்ட் வேலைக்கு வண்டியை விடுகிற எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வண்டி திரும்பி வந்ததும் முன்னால் பின்னால் எல்லா விளக்கின் எர்த்தையும் ஒரு முறை சுரண்டி மாட்டச் சொல்லுங்கள்.

சரி, பெட்டி கெடவே கெடாதா? கெடும். பழைய பெட்டிக்குள் இருப்பது சூடானால் நீளும் ஒரு கம்பி, அல்லது வளையும் ஒரு பட்டை. பல்புகள் இழுக்கும் கரண்டில்தான் அது சூடாகிறது. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்று 1.75 ஆம்பியர் இழுக்கும், முன்னும் பின்னும் சேர்த்து 3.5. அந்தக் கணக்குக்குத்தான் பெட்டி செய்யப்பட்டிருக்கிறது. ஒரு பல்பு போனாலோ, 21 வாட் இடத்தில் கையில் கிடைத்த 10 வாட்டைப் போட்டாலோ, எர்த் பிடிக்காவிட்டாலோ கணக்கு கெட்டு வேகம் மாறும், அல்லது அடிக்காமல் எரிந்தபடியே நிற்கும். விதிப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை அடிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 10 விநாடி எண்ணுங்கள், 10க்கும் 20க்கும் நடுவில் வந்தால் போதும். டைனமோ உள்ள பழைய வண்டியில் இரவில் ஹெட்லைட்டோடு சிக்னலில் நிற்கும்போது அடிப்பது கொஞ்சம் மந்தமாகும், எஞ்சின் வேகம் கூடினால் சரியாகிவிடும், அதைக் கோளாறு என்று நினைத்துக் குடைய வேண்டாம்.

நான்கு விளக்கும் வேலை செய்யாவிட்டால்தான் பெட்டிமேல் சந்தேகம் வர வேண்டும், அப்போதும் ஃபியூஸுக்கு அடுத்துத்தான். வைப்பர், பெட்ரோல் முள், பிரேக் லைட் எல்லாம் சேர்ந்து படுத்திருந்தால் ஃபியூஸ்தான். ஃபியூஸ் நன்றாக இருந்தால் பெட்டியைக் கழற்றி, கரண்டு வரும் ஒயரையும் சுவிட்சுக்குப் போகும் ஒயரையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து இண்டிகேட்டரைப் போடுங்கள். இரண்டு பல்பும் அணையாமல் பளிச்சென்று எரிந்தால் பெட்டிதான் போய்விட்டது, தாராளமாக மாற்றுங்கள். எரியாவிட்டால் புதுப் பெட்டிக்குக் கொடுக்கும் காசு வீண். (பெட்டியில் பேட்டரிக்கு ஒரு ‘பி’ (B), டேஷ்போர்டு பைலட் விளக்குக்கு ஒரு ‘பி’ (P) என்று ஆங்கில எழுத்து போட்டிருக்கும். பட்டறையில் ‘பி-யில் மாட்டுடா தம்பி’ என்று கத்திவிட்டு நானே எத்தனையோ முறை முழித்திருக்கிறேன்.)

ஒயர் நிறம் தெரிந்திருந்தால் வேலை பாதி முடிந்தது. அம்பாசிடர் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வண்டியிலிருந்து வந்தது, அதனால் பிரிட்டனின் லூகாஸ் கம்பெனி நிற முறைதான்: சாவி போட்டதும் ஃபியூஸ் வழியாகக் கரண்டு வருவது பச்சை, பெட்டியிலிருந்து சுவிட்சுக்குப் போவது வெளிர்பச்சையில் பழுப்புக் கோடு, இடது பக்கத்துக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலது பக்கத்துக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு, எர்த் கறுப்பு. ஒரிஜினல் ஒயரிங் மிச்சம் இருந்தால் இது உதவும். நாற்பது வருடத்தில் நாலு எலக்ட்ரீஷியன் கை பட்ட வண்டியில் எல்லா ஒயரும் சிவப்பாகத்தான் இருக்கும். அங்கே ஒயர்கள் சேரும் புல்லட் கனெக்டர்களைத் தேடுங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உருவி, தேய்த்து, மறுபடி செருகுங்கள்.

மீட்டரை முழுக்க நம்பாதீர்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டும், களிம்பு ஏறிய கனெக்டர் வழியாகவும் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டையே இழுப்பதில்லை. அடைத்துக்கொண்ட குழாயிலும் ராத்திரி முழுக்கச் சொட்டினால் குடம் நிறைந்துவிடும் அல்லவா, அதுபோலத்தான். அதனால் பழைய 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு ஒயர், நுனியில் முதலை கிளிப் என்று ஒரு டெஸ்ட் லாம்ப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அது பளிச்சென்று எரிந்தால்தான் அந்த ஒயரில் நிஜமாகவே கரண்டு இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர், ஏர்பேக் உள்ள புது வண்டிகளில் இதை வைத்து நோண்டிவிடாதீர்கள், செலவு எங்கேயோ போய்விடும்.

ஃபியூஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம் சுற்றிய ஃபியூஸ், செப்புக் கம்பி முறுக்கிய ஃபியூஸ் எல்லாம் இன்றும் வருகின்றன. இதைவிட நைசாக ஏமாற்றுவது ஒன்று உண்டு. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது வெடிக்கும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று கடையில் 35 என்று கேட்டு வாங்கும் வேறு வகை ஃபியூஸ் அந்த 35ஐ நாள் முழுக்கத் தாங்கக்கூடியது. அளவு ஒன்றுதானே என்று போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் உருகும். அப்படி டேஷ்போர்டுக்குப் பின்னால் கருகிய ஒயர்க்கட்டை மூன்று வண்டிகளில் என் கையாலேயே அறுத்து எடுத்திருக்கிறேன்.

எல்இடி பல்பு மாற்றலாமா என்று வாரம் ஒருவர் கேட்கிறார். அது இழுக்கும் கரண்டு பழைய பெட்டியைச் சூடாக்காது, எல்இடிக்கு ஏற்ற எலக்ட்ரானிக் பெட்டி வேண்டும், அதற்குத் தனி எர்த்தும் கேட்கும். மாரிஸ் மைனர் மாதிரி பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் கட்டியிருக்கும்) வைத்திருப்பவர்கள் அதை விசாரிக்காமல் வாங்கினால், மாட்டிய அன்றே பெட்டி போய்விடும். இண்டிகேட்டருக்கு நான் பழைய 21 வாட் பல்பையே விடச் சொல்வேன்.

அந்த மார்க் 4 ஓனர் கிளம்பும்போது மூன்று பெட்டிகளையும் மறுபடி பையில் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே வண்டியில் இருந்த பழைய பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். முதல் நாளே குப்பையில் போட்டுவிட்டாராம்.