ஹூக்செட்: தமிழில் முள் பதித்தல்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்து ஏரிக்கரைகளில் தமிழும் மலையாளமும் கலந்துதான் காதில் விழும். நமக்குத் தூண்டில், அவர்களுக்குச் சூண்ட. நமக்கு விரால், அவர்களுக்கு வரால். ரப்பர் புழு என்னும் போலி இரையைப் போடும் இளவட்டங்களுக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்: "ஹூக்செட் பண்ணு!"

ஹூக் என்பது முள். செட் என்பது அதை ஓரிடத்தில் பதிய வைப்பது. மீன் இரையை வாயில் வாங்கியதும் தூண்டில் கோலை இழுத்து, முள்ளின் முனை தாடைக்குள் இறங்கும்படி செய்வதுதான் ஹூக்செட். முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னச் செதிலும் சேர்ந்து உள்ளே போனால்தான் மீன் உதறினாலும் கழலாது.

வள்ளுவர் 931ஆம் குறளில் இந்த முள்ளைத் 'தூண்டிற்பொன்' என்கிறார். அங்கே பொன் என்றால் இரும்பு என்று உரை சொல்கிறார் பரிமேலழகர். ஆனால் குறளின் மீன் இரும்பை விழுங்கிவிடுகிறது. ரப்பர் புழுவை அப்படி விழுங்கும்வரை காத்திருக்க முடியாது. உயிரில்லாத இரை என்று தெரிந்தால் துப்பிவிடும். அதனால்தான் முள்ளைப் பதிப்பது தனி வேலையாகிறது.

பலர் இதைச் 'சுண்டுதல்' என்று தமிழாக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுண்டுவது கை செய்வது. பதிவது மீனின் வாயில் நடப்பது. சுண்டு என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், தூண்டில் நரம்பு, அதாவது கோலிலிருந்து முள்வரை போகும் இழை, தொய்ந்து கிடக்கும்போதே பையன் கோலை வெடுக்கென்று தூக்குகிறான். அந்த வேகமெல்லாம் தொய்வை எடுக்கவே போய்விடும், முள்ளுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

நிக் கிரீம் என்ற அமெரிக்கர் 1949இல் ஓஹாயோ மாநிலத்து ஆக்ரனில் மென்பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார். பின்னால் வந்த டெக்சாஸ் ரிக் என்ற கோக்கும் முறையில் முள்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிடுவார்கள். பாசியிலும் தாமரைத் தண்டிலும் சிக்காது, சரி. ஆனால் முனை முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்து, அப்புறம் தாடையைத் துளைக்க வேண்டும். விராலின் வாயோ கெட்டி எலும்பு.

ஆகவே செய்முறை இது: மீன் இரையைக் கொத்துவது தெரிந்ததும் கோல்நுனியைத் தாழ்த்துங்கள். நரம்பைச் சுற்றிவைக்கும் உருளையான ரீலைச் சுற்றித் தொய்வை எடுங்கள். மீனின் கனம் கையில் தட்டுப்பட்டதும் ஒரே வீச்சாக, உறுதியாகக் கோலை மேலே இழுங்கள்.

கருவியும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். ஏறக்குறைய 7 அடி நீளத்தில், நுனி மட்டும் வளைந்து நடுவில் விறைப்பாக நிற்கும் மீடியம் ஹெவி, அதாவது நடுத்தரத்துக்குச் சற்று மேலான வலுவுள்ள கோல் நல்லது. நைலான் நரம்பு இழுத்தால் நீளும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு அநேகமாக நீளாது, அதனால் இழுப்பு முழுதாக முள்ளுக்குப் போகும். 6, 7 அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு ஆஃப்செட் முள், அதாவது கண்ணுக்குக் கீழே படிபோல் வளைந்த முள், பொருந்தும். முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து நகர்த்திப் பாருங்கள்: நகத்தைக் கீறிப் பிடித்தால் கூர்மை, வழுக்கினால் அரம் போடுங்கள் அல்லது மாற்றுங்கள். ரீல் நரம்பை விடாமல் பிடிக்கும் டிராக் என்ற இறுக்கம் தளர்ந்திருந்தால் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும், முள் பாதியில் நின்றுவிடும்.

முனை வெளியே தெரியும்படி, மெல்லிய முள்ளைப் புழுவின் நடுவில் கோக்கும் வாக்கி ரிக்கில் சுண்டவே வேண்டாம். ரீலைச் சுற்றி நரம்பை விறைப்பாக்கிக் கோலைச் சாய்த்தால் போதும், முள் பதிந்துவிடும். அதுவும் ஹூக்செட்தான்.