கொக்கோ ஏன் காட்டைத் தேடிப் போகிறது?

சாக்லேட் உறையில் அச்சிடப்பட்டிருக்கும் சான்று முத்திரை, உள்ளே இருக்கும் கொக்கோ காட்டை அழிக்காமலும் விவசாயியை வஞ்சிக்காமலும் விளைந்தது என்று உறுதி சொல்கிறது. அந்த உறுதி எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முத்திரையை விட்டுவிட்டு மரத்திலிருந்து தொடங்குவது நல்லது. கொக்கோ விவசாயத்தின் பணச்சிக்கலில் பெரும்பகுதி அந்த மரத்தின் இயல்பிலேயே வேர்விட்டிருக்கிறது.

அமேசான் படுகையின் மேற்பகுதியைத் தாயகமாகக் கொண்ட கொக்கோ, உயர்ந்த மரங்களின் நிழலில் வளர்ந்து பழகியது. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் ஏறத்தாழ 20 பாகைக்குள், வெப்பமும் மழையும் சேர்ந்து கிடைக்கும் இடங்களில் மட்டுமே அது செழிக்கும். அடிமரத்திலும் கிளைகளிலும் நேரடியாகப் பூக்கும் ஆயிரக்கணக்கான பூக்களில் நூற்றுக்கு ஐந்துகூடக் காயாவதில்லை. மகரந்தத்தைக் கடத்துபவை பெரும்பாலும் கொசுவிலும் சிறிய பூச்சிகள். அவை ஈரமான இலைக்குப்பையில் முட்டையிட்டு வளர்பவை என்பதால், தரையைத் துப்புரவாகக் கூட்டி வைக்கும் தோட்டம் தன் விளைச்சலைத் தானே குறைத்துக்கொள்கிறது.

காய் முதிர ஐந்தாறு மாதங்கள் ஆகும். மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகள் காய்களைப் பிளந்து, வெண்ணிறச் சதையோடு கூடிய விதைகளைக் குவித்து, வாழையிலைகளால் மூடி ஐந்து முதல் ஏழு நாள் வரை நொதிக்க விடுகிறார்கள். ஈஸ்ட் சதையிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்ற, அதைப் பாக்டீரியாக்கள் அசிட்டிக் அமிலமாக்க, குவியல் 45 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறுகிறது. விதைக்குள் முளை செத்து, புரதங்கள் சிதைந்து, பின்னர் வறுக்கும்போது சாக்லேட் மணமாக மாறவிருக்கும் மூலப்பொருள்கள் அங்கேயே உருவாகின்றன. பிறகு ஈரப்பதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு இறங்கும்வரை விதைகள் வெயிலில் காய்கின்றன. சாக்லேட்டின் சுவைக்கு அடித்தளமிடும் இந்த நுட்பமான வேலை முழுவதும் விவசாயியின் கையில்தான் நடக்கிறது; ஆயினும் மொத்தச் சந்தையில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் எடைக்கான கூலிதான்.

இனி காட்டுக்கு வருவோம். கொக்கோ மரம் நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கி, 25 அல்லது 30 ஆண்டுகளுக்குப் பின் தளர்கிறது. அதற்குள் மண்ணின் சத்து குறைந்திருக்கும், களையும் நோயும் பெருகியிருக்கும். அதே நிலத்தில் மறுநடவு செய்ய வேண்டுமானால் பழைய மரங்களை வெட்ட வேண்டும், உரமிட வேண்டும், சில ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருக்க வேண்டும். மாறாக, புதிதாக வெட்டிய காட்டு நிலத்தில் மட்கிய இலைகளின் வளம் இலவசமாகக் கிடைக்கிறது. களை குறைவு, நோய்க்கிருமியும் குறைவு. காடு தரும் இந்தச் சலுகைதான் கொக்கோவைத் தலைமுறைக்குத் தலைமுறை புதிய நிலத்தை நோக்கி நகர்த்தியிருக்கிறது. உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2023இல் வெளியான ஓர் ஆய்வு, ஐவரி கோஸ்டின் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் நேர்ந்த காடழிவில் 37 சதவீதத்துக்கும் மேலானதற்குப் பின்னால் கொக்கோ இருப்பதாகக் காட்டியது. கானாவில் அது 13 சதவீதத்துக்கும் மேல். இதை விவசாயியின் பேராசை என்று எழுதிவிடுவது எளிது. சில ஹெக்டேர் நிலத்தில், ஹெக்டேருக்கு 300 முதல் 500 கிலோ மட்டுமே எடுக்கும் ஒரு குடும்பத்துக்கு வேறு கணக்கு வாய்த்ததில்லை என்பதே சரியான விளக்கம்.

எனவே நீடித்த கொள்முதல், அதாவது காட்டையும் விவசாயியையும் கெடுக்காமல் வாங்குவது என்று எதைச் சொன்னாலும், பழைய தோட்டத்தைப் புதுப்பிப்பதைக் காட்டை வெட்டுவதைவிட இலாபகரமாக்குகிறதா என்பதே அதற்கான சோதனை.

இதில் முதல் கருவி தடமறிதல்: விதை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று பின்தொடர்ந்து அறிவது. சிற்றூரிலிருந்து புறப்படும் விதை, மோட்டார் சைக்கிளில் வரும் சிறு வியாபாரி, கூட்டுறவுச் சங்கம், ஏற்றுமதியாளர், அரைக்கும் ஆலை என்று கை மாறுகிறது. முதல் கிடங்கிலேயே பத்துத் தோட்டங்களின் விதை ஒன்றாகக் கலந்துவிட்டால், பின்னர் எவராலும் அதைப் பிரித்தறிய முடியாது. ஆகவே விவசாயிகளைப் பதிவு செய்து, நிலத்தின் எல்லையை ஜிபிஎஸ் கருவியால் அளந்து, மூட்டைக்கு எண்ணிட்டுத் தனியாக வைக்க வேண்டியிருக்கிறது. இதற்குச் செலவு அதிகம் என்பதால் தொழில்துறை பரவலாகப் பின்பற்றுவது எடைச் சமன் முறை: ஓர் ஆலை 100 டன் சான்றுபெற்ற விதை வாங்கினால், அதைச் சாதாரண விதையோடு கலந்து அரைத்தாலும், 100 டன்னுக்கு ஈடான பொருளில் முத்திரை பதிக்கலாம். இது மோசடி அன்று. சான்றுபெற்ற விதைக்கான கூடுதல் தொகை உரிய விவசாயிக்குப் போய்ச் சேர இது வழி செய்கிறது. ஆனால் கையிலிருக்கும் சாக்லேட்டில் அந்தத் தோட்டத்து விதைதான் இருக்கிறது என்று முத்திரையைப் பார்த்து நம்புவது தவறு.

இந்த இடைவெளியைச் சட்டத்தால் அடைக்க ஐரோப்பிய ஒன்றியம் முயன்றது. 2023இல் இயற்றப்பட்ட அதன் காடழிப்புத் தடை விதியின்படி, 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த கொக்கோவை அங்கே விற்க முடியாது. ஒவ்வொரு சரக்குக்கும் நிலத்தின் இருப்பிடம் தரப்பட வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேற்பட்டதானால் எல்லைக்கோடே தரப்பட வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டபோதும், விதி நிலங்களை அளக்கும் வேலையை முடுக்கிவிட்டது. வானிலிருந்து பார்ப்பதில் ஒரு முரண் உண்டு: வெட்டவெளியில் நட்ட கொக்கோவைச் செயற்கைக்கோள் எளிதில் இனங்காண்கிறது, நிழல் மரங்களுக்கு அடியில் நட்டதையோ காடு என்றே தவறாகப் படிக்கக்கூடும். சூழலுக்கு நன்மை செய்யும் தோட்டத்தைத்தான் தரையில் நடந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

வரைபடம் நிலத்தைக் காட்டும். அங்கே வேலை செய்பவர் யாரென்று காட்டாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளின் கொக்கோ விளையும் பகுதிகளில் 15.6 இலட்சம் குழந்தைகள் கொக்கோ சார்ந்த குழந்தைத் தொழிலில் இருந்ததாக மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் தம் குடும்பத் தோட்டத்திலேயே பாரம் சுமப்பவர்கள், அரிவாள் பிடிப்பவர்கள். கூலியாள் வைக்கப் பணமில்லாத வீட்டில் தடை மட்டும் விதித்தால் வேலை மறைவாகத் தொடரும். அதனால் ஊருக்குள்ளேயே ஒருவரை நியமித்து, வீடு வீடாகச் சென்று கண்டறிந்து, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கட்டணம் போன்ற தடைகளை ஒவ்வொன்றாக நீக்கும் கண்காணிப்பு முறை பல கூட்டுறவுச் சங்கங்களில் நடைமுறையில் உள்ளது.

விலைக்கு வந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. கானாவும் ஐவரி கோஸ்டும் 2019இல் கூடி, 2020-21 பருவம் முதல் விவசாயியின் வருமானத்தை வாழப் போதுமான அளவுக்கு உயர்த்தும் ஈட்டுத்தொகையாக டன்னுக்கு 400 டாலரை வாங்குவோர் கூடுதலாகத் தர வேண்டும் என்று அறிவித்தன. வாங்குவோரோ தரத்துக்காக அதுவரை தந்துவந்த வேறொரு கூடுதல் தொகையைக் குறைக்கப் பேரம் பேசினர். 2024 ஏப்ரலில் கனமழையும் வறட்சியும் நோயும் சேர்ந்து விளைச்சலைக் குறைத்தபோது உலகச் சந்தை விலை டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. அதே மாதம் ஐவரி கோஸ்ட் விவசாயிக்கான விலை அந்நாட்டு நாணயமான சிஎஃப்ஏ ஃபிராங்கில் கிலோவுக்கு 1,000இலிருந்து 1,500 ஆக உயர்ந்தும், அது டன்னுக்குச் சுமார் 2,500 டாலர் மட்டுமே. ஏனெனில் இவ்விரு நாடுகளிலும் கொக்கோ விற்பனையை நடத்தும் அரசு வாரியங்கள் விளைச்சலின் பெரும்பகுதியை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றுவிடுகின்றன. விலை விழும்போது விவசாயியைத் தாங்கும் இந்த ஏற்பாடு, விலை ஏறும்போது அவர் கையைக் கட்டிப்போடுகிறது. மறுபுறம், எல்லையும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் உயர்ந்த விலையே புதிய காட்டை வெட்டத் தூண்டவும் கூடும்.

ஆகவேதான் எடைக்கு மட்டும் பணம் தராமல், செய்த வேலைக்குப் பணம் தரும் முறை என்னைக் கவர்கிறது. நெஸ்லே 2022இல் அறிவித்த திட்டத்தில், கவாத்து செய்தல், நிழல் மரம் நடுதல், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தல், வேறு வருமானம் தேடுதல் ஆகியவற்றுக்காக ஒரு குடும்பம் முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 500 சுவிஸ் ஃபிராங்க் வரை பெறலாம். தொகை கணவனுக்கும் மனைவிக்கும் பிரித்துத் தரப்படுகிறது. சிறிய நிலம் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

தண்டு வீக்க நோய் பரவிய தோட்டங்களில் மறுநடவுச் சிக்கல் மேலும் கூர்மையாகிறது. மாவுப்பூச்சிகள் கடத்தும் அந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. 1936இல் கானாவில் முதலில் அறியப்பட்டதிலிருந்து, நோயுற்ற மரத்தையும் அதைச் சுற்றி நிற்பவற்றையும் வெட்டுவதே வழியாக இருக்கிறது. வெட்டிய நிலத்தில் முதலில் வாழையும் சேம்பும் நட்டால், அவை இளங்கன்றுக்கு நிழலும் வீட்டுக்கு உணவும் சந்தைக்குச் சரக்கும் தரும். அதன் பிறகும் கொக்கோ காய்க்கும்வரை மீதமிருக்கும் ஆண்டுகளுக்குக் கடன் வேண்டும். ஆண்டுதோறும் கைவிட்டுப் போகக்கூடிய ஒரு கொள்முதலை நம்பி எந்த வங்கியும் அந்தக் கடனைத் தர முன்வராது. பல ஆண்டுக் கொள்முதல் ஒப்பந்தம் கையிலிருந்தால், கூட்டுறவுச் சங்கம் அதைக் காட்டிக் கடன் கேட்க முடிகிறது.