‘டாக்ஸ்’ என்னும்போது ஏன் இசட் ஒலிக்கிறது?

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “பன்மைக்கு எஸ் சேர்க்க வேண்டும் என்றுதான் ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது. கேட்ஸ் என்பதில் எஸ் ஒலி, சரி. நாய்களைக் குறிக்கும் டாக்ஸ் என்பதில் ஏன் இசட் ஒலி? பஸ்ஸஸ் என்பதில் நடுவே ஏன் ஓர் உயிரொலி?”

குரல்வளை மேல் விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. நாக்கை அசைக்காமல் அதையே தேனீ மாதிரி ரீங்காரமாக்குங்கள். அதுதான் இசட். தொண்டை மட்டும் அதிரும்.

இந்த அதிர்வு எனக்கு அலுக்காத அதிசயம். குரல் நாண்களைத் தசைகள் நெருக்கி வைக்கின்றன, அவ்வளவுதான். நுரையீரல் காற்று முட்டித் திறக்கிறது. மீள்தன்மையால் அவை மூடிக்கொள்கின்றன. மறுபடியும் காற்று முட்டுகிறது. ஆண் குரலில் விநாடிக்கு நூறு முறைக்கு மேல், பெண் குரலில் இருநூறு முறை அளவில் இது நடக்கிறது. ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு நரம்புத் துடிப்பு வேண்டும் என்று பிரான்ஸில் ரவுல் ஹுஸ்ஸோன் வாதிட்டார். காற்றும் மீள்தன்மையுமே போதும் என்று 1958இல் நெதர்லாந்தின் வான் டென் பெர்க் விளக்கினார்.

‘டாக்’ முடியும்போது நாண்கள் அதிர்கின்றன. அந்த அதிர்விலேயே எஸ் வந்து சேர, இசட் ஆகிறது. ‘கேட்’ முடிவில் அதிர்வு இல்லை. எஸ் எஸ்ஸாகவே நிற்கிறது. ‘பஸ்’ முடிவதே சீறலில். இன்னொரு சீறலை ஒட்டினால் பன்மை காதில் விழாது, அதனால்தான் நடுவில் ஓர் உயிரொலி. தமிழிலும் ‘கல்’லில் வரும் ககரத்துக்கு அதிர்வில்லை, ‘தங்க’த்தில் மெல்லினத்தை அடுத்து வரும் ககரம் அதிர்கிறது.

அப்படியானால் எல்லாம் தொண்டையின் வசதிதானா? இல்லை. பேனாக்களைக் குறிக்கும் ‘பென்ஸ்’ இசட்டில் முடிகிறது. பிரிட்டிஷ் காசான ‘பென்ஸ்’ எஸ்ஸில் முடிகிறது. இரண்டிலும் முன்னால் இருப்பது அதே னகர ஒலி. அங்கே எஸ் சொல்லத் தொண்டைக்குச் சிரமமே இல்லை. பன்மை விதிதான் இசட் கேட்கிறது.

அந்த விதி குழந்தையின் தலைக்குள் இருக்கிறது என்று காட்டியவர் அமெரிக்காவின் ஜீன் பெர்கோ, அதே 1958இல். பறவை போன்ற ஒரு கற்பனை உயிரை வரைந்து ‘வக்’ என்று பெயர் வைத்தார். ‘டாக்’ முடியும் அதே ஒலியில்தான் அதுவும் முடியும். “இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு...?” என்று சிறு குழந்தைகளிடம் கேட்டார். பெரும்பாலோர் சரியாக இசட் ஒலியோடு சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்கள் அதற்கு முன் கேட்டிருக்கவே முடியாது, ஆகவே மனப்பாடமாக இருக்க வழியில்லை. படம் வரைந்த அட்டைகளைக் கொண்டே செய்த ஆய்வு இது. தமிழ்க் குழந்தைகளிடமும் இப்படிக் கேட்டுப் பார்க்க நம் பல்கலைக்கழகங்கள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

‘பஸ்ஸஸ்’ போல நடுவில் உயிரொலி வரும் மூன்றாவது வகையில்தான் குழந்தைகள் திணறினார்கள். ‘கிளாஸஸ்’ என்று சரளமாகச் சொன்னவர்களில் பலர், ‘டாஸ்’ என்ற கற்பனைச் சொல்லை இரண்டுக்கும் ‘டாஸ்’ என்றே விட்டுவிட்டார்கள். அதுதான் ஏற்கெனவே சீறலில் முடிகிறதே, பன்மை ஆகிவிட்டதாகவே அவர்கள் காதுக்குப் பட்டிருக்கலாம்.