நீலப் பம்ப் அடிக்கடி தீர்கிறதா?

ஆஸ்துமாவுக்கு வாயில் வைத்து இழுக்கும் இரண்டு பம்ப் எழுதித் தருவார்கள். ஒன்று இழுப்பை உடனே தணிக்கும் ரிலீவர், பெரும்பாலும் நீலம்; இன்னொன்று தினமும் எடுக்கும் கன்ட்ரோலர், பெரும்பாலும் பிரவுன். டர்பனில் மருந்துக் கடையில் நிற்கும் எனக்கு, முதலாவதை மட்டும் கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் கவலை. "அந்தப் பிரவுன் பம்ப் என்னாச்சு ஆயா?" என்று கேட்டால், "அது வேலையே செய்யல, நீலம்தான் கேக்குது" என்பார்கள்.

நீலத்தில் இருப்பது சால்புட்டமால். இறுகிய மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும். சில நிமிடத்தில் மூச்சு லேசாகும், நாலைந்து மணி நேரம் தாங்கும். ஆனால் குழாயின் உட்சுவரில் உள்ள வீக்கம் அப்படியேதான் இருக்கும். அதைக் குறைப்பது கன்ட்ரோலரில் உள்ள புடெசொனைட், பெக்லோமெத்தசோன் மாதிரியான ஸ்டீராய்டு. இழுத்ததும் ஒன்றும் தெரியாது. முழுப் பலனுக்குச் சில வாரமாவது ஆகும். நன்றாக இருக்கும் நாளிலும் விடாமல் எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: நேரே நுரையீரலுக்குப் போவதால் அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண் வரும் வாய்ப்பு குறையும்.

இழுப்புக்குக் காரணமாக இங்கே மெர்பேங்க் காரர்கள் ஆலைப் புகையைச் சொல்வார்கள், டொங்காட் பக்கத்தவர்கள் கரும்பு எரிப்பதைச் சொல்வார்கள். நியாயம்தான். ஆனாலும் வீக்கம் அடங்கிய குழாய் அதே புகையை ஓரளவு தாங்கும்.

ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டி, பெரியவர்களும் பதின்ம வயதினரும் நீலப் பம்ப்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019-லேயே சொல்லிவிட்டது. 200 தடவை அடிக்கும் பம்ப் வருடத்துக்கு 3 தீர்ந்தாலே கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது. 12 என்றால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அப்புறம், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புடெசொனைட்டும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த பம்ப் இரண்டு வேலையும் செய்யும். உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஸ்பேசர், அதாவது பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் கூடு, கிடைக்கவில்லையா? 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் செய்ததும் நன்றாகவே வேலை செய்கிறது என்று கேப் டவுன் டாக்டர்கள் 1999-ல் காட்டியிருக்கிறார்கள். கிளினிக் நர்ஸிடம் செய்முறை கேளுங்கள்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் 10177-க்குப் போன் போடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நீலப் பம்ப்பை விடாதீர்கள்.