முதலில் சிகிச்சை, பிறகுதான் பணமும் காவல் நிலையமும்

ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியில் நின்று மிளகு பறிக்கும் தொழிலாளி, கால் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனிருப்பவர்கள் அவரை வண்டியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்துக்கு வந்து, சேலத்தில் முதலில் தென்படும் தனியார் மருத்துவமனையில் நிறுத்துகிறார்கள். அங்கே அவர்கள் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, முன்பணம் எவ்வளவு கட்டுவீர்கள் என்பதாகவோ போலீசுக்குச் சொல்லியாயிற்றா என்பதாகவோ இருக்கக்கூடும். இவற்றுக்குப் பதில் வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு உடனடியாகச் சிகிச்சை தருவது, அரசு மருத்துவராக இருந்தாலும் தனியார் மருத்துவராக இருந்தாலும், ஒவ்வொருவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. காவல்துறை நடைமுறைகள் எதுவும் அந்தச் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், 1996-இல், அது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறிய செயல் என்று அதே நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கியது. எனவே போதிய வசதி இல்லாத மருத்துவமனைகூட, இரத்தப்போக்கை நிறுத்தி, மூச்சைச் சீராக்கி, தன்னால் இயன்ற முதல் சிகிச்சையைச் செய்து, செய்ததை எழுதிக் கொடுத்த பிறகே வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து அடிபட்டவருக்கு, தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், அதில் இணைந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை உண்டு. அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் இது பொருந்தும். அவரைத் தூக்கி வந்த வழிப்போக்கர் வழக்கில் சிக்காதபடி மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவர் சாலை விபத்தில் சிக்கியவர் அல்லர் என்பதால் இந்தத் திட்டம் அவருக்குப் பொருந்தாது; அவருடைய குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைத்தான் நாட வேண்டியிருக்கும். ஆனால் திட்டம் பொருந்தவில்லை என்பதற்காக மருத்துவரின் கடமை ஒரு துளியும் குறைவதில்லை.

அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் கையெழுத்தில்தான் மலைவாழ் மக்கள் அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள் என்பது என் கருத்து. இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவருடன் நான் மருத்துவமனைக்குச் சென்றிருந்தபோது, ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கப் படிவத்தைக் கொண்டுவந்தார்கள். அறுவை சிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய கோடு காலியாகவே இருந்தது. அவருடைய பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, அந்தக் காலிக் கோட்டுக்குக் கீழே பதித்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்று அவர் என்னிடம்தான் கேட்டார். சட்டம் ஒப்புதல் என்று சொல்வது இதை அன்று. நோய் என்ன, செய்யவிருக்கும் சிகிச்சை என்ன, அதில் உள்ள ஆபத்து என்ன, மாற்று வழி உண்டா, எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றை நோயாளிக்குப் புரியும் வகையில் சொல்லி, அதன் பிறகு பெறுவதே ஒப்புதல். 2008-ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே இதற்கு விலக்கு.

உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாப்பதும், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருவதும் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி மருத்துவரின் பொறுப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பிவிடாமல், அன்றாடச் சிகிச்சை விவரங்கள் எழுதப்பட்ட கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்டு, கேட்ட கடிதத்தின் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று செவிலியர் எழுதும் குறிப்பும் அதில்தான் இருக்கும்.

சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அதே துறையில் சாதாரணத் திறன் உள்ள ஒருவர் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை அவர் காட்டினாரா என்பதே கேள்வி. குற்ற வழக்குக்கு அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆத்திரத்தில் மருத்துவமனை ஊழியர்மேல் கைவைப்பது 2008-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். எல்லோருக்கும் எல்லாமே இலவசமாக நடக்கும் மருத்துவமனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்மானிக்கப்பட்டது. அங்கே நேர்ந்த தவறுக்கு உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுக வேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் விசாரிக்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்குபவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அங்கே போகும்போது மருத்துவமனையில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிய அந்தக் கேஸ் ஷீட் நகலைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.