பிடுங்க வேண்டியது அந்தப் புத்தகத்தை அல்ல

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஒரு பையனின் அப்பா ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் ஆலோசனை அறை மேஜையில் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

"இதுதான் மேடம் காரணம். இதைப் படிக்க ஆரம்பிச்சதுலேர்ந்துதான் ராத்திரி தூங்க மாட்டேங்கிறான்."

பையனுக்கு ஒன்பது வயது. அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னட்டையைப் படித்தேன். அண்ணனைப் பறிகொடுத்த ஒரு சிறுமி, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு சின்ன ஊர், பூட்டியே கிடக்கும் ஒரு வீடு, பெரியவர்கள் யாரும் வாய் திறக்காத ஒரு பழைய சங்கதி. பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு எழுதும் நாவல்களில் அடிக்கடி வரும் சேர்மானம்தான். பாதிக்குக் கொஞ்சம் தாண்டிய ஒரு பக்கத்தின் மூலை மடங்கியிருந்தது. அங்கேதான் பிடுங்கியிருக்கிறார்.

பையனின் நாலு வயதுத் தங்கை இறந்து எட்டு மாதம் ஆகிறது என்பதை அரை மணி நேரம் கழித்துத்தான் சொன்னார். அதுவும் நான் கேட்டதால். "அதெல்லாம் அவனுக்கு மறந்துபோச்சு மேடம். பாப்பா கடவுள்கிட்ட போயிட்டான்னு சொன்னோம். அப்புறம் வீட்ல அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல. அவனும் கேட்கறதில்ல. நல்லா விளையாடிட்டுதான் இருந்தான்."

குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த ஐந்து வாக்கியமும் மனப்பாடம். ஆள் மாறுகிறது, வாக்கியம் மாறுவதில்லை. (இங்கே வரும் விவரங்களை யாரென்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அந்தப் பையனிடமும் கேட்டுவிட்டேன்.)

சாவு வரும் கதையைப் படித்தால் குழந்தைக்குத் துக்கம் வந்துவிடும் என்று நினைக்கிறீர்களே, அந்தத் துக்கம் எங்கிருந்து வருகிறதாம்? அச்சு மையிலிருந்தா? உங்கள் வீட்டில் ஒரு தட்டு குறைந்திருக்கிறது, ஒரு சின்னச் செருப்பு காணாமல் போயிருக்கிறது, அம்மா குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம் வெளியே வருவதில்லை. அதெல்லாம் துக்கம் தராது, 200 பக்கக் கதை தந்துவிடும் என்றால் என்ன கணக்கு இது? காய்ச்சல் இருப்பதைக் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரை யாராவது தூக்கிப் போட்டு உடைப்போமா? அந்தப் பையன் அலமாரியில் அத்தனை புத்தகங்கள் இருக்க, இதைத் தேடி எடுத்திருக்கிறான். ஏன் என்று ஒரு தடவை யோசித்திருக்கலாம். புத்தகம் அவனைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவன்தான் அதைப் பிடித்துக்கொண்டான்.

"விளையாடிட்டுதானே இருந்தான்" என்பதற்கும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் துக்கத்துக்குள் இறங்கினால் முங்கிக் கிடப்போம். குழந்தைகள் மழைத்தண்ணீர்க் குட்டையில் குதிப்பதைப்போல உள்ளே குதித்து உடனே வெளியே வந்துவிடுவார்கள். பத்து நிமிடம் அழுகை, பதினோராவது நிமிடம் பந்து. பந்தை மட்டும் பார்த்தால் மறந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

அமெரிக்காவில் வோர்டன், சில்வர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தாயையோ தகப்பனையோ இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, முதல் வருடத்தைவிட இரண்டாம் வருட முடிவில்தான் மனநிலையிலும் நடத்தையிலும் வித்தியாசம் அதிகம் தெரிந்தது. எல்லோரும் 'ஆறிவிட்டது' என்று நினைத்து நகர்ந்துவிட்ட பிறகு.

சரி, ஒன்பது வயதுக்குச் சாவு புரியுமா? தாராளமாகப் புரியும். திரும்பி வர முடியாது, உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிடும், எல்லோருக்கும் ஒருநாள் நேரும் என்ற மூன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபட்டுவிடுகின்றன என்று ஸ்பீஸ், பிரென்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1984-லேயே எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1948-ல் வெளிவந்த மரியா நாகியின் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் 3 முதல் 10 வயது வரையான 378 பிள்ளைகளிடம் கேட்டது. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சாவு என்பது தூக்கம், இல்லாவிட்டால் பயணம். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருந்தவர்களில் பலர் அதை ஓர் ஆளாகவே சொன்னார்கள், வந்து பிடித்துக்கொண்டு போகிற ஆள். பிற்பாடு வேறு நாடுகளில் கேட்டவர்களுக்கு அந்த ஆள் அவ்வளவாக அகப்படவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் அவன் இருக்கிறான். இது யாரோ செய்தது, செய்தவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பார்கள்.

அதனால்தான் துப்பறியும் கதை. ஒரு வீட்டில் சாவு நடந்து, அதைப் பற்றி யாரும் பேசாமல் இருந்தால், அந்த வீடே அந்தச் சின்ன ஊர் ஆகிவிடுகிறது. எல்லோருக்கும் ஏதோ தெரியும், குழந்தை வந்தால் மட்டும் பேச்சு நிற்கும். ஒரு கதவு சாத்தியே இருக்கும். நாவலில் வரும் சிறுமிக்கு நடப்பதும் அதேதான். அவள் துப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகிறாள், இவனும் சேர்க்கிறான்.

இவன் சேர்த்ததை நான் பார்த்தேன். அப்பாவை வெளியே அனுப்பிய பிறகு பள்ளிப் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தான். அட்டையில் 'கணக்கு' என்று எழுதி அடித்திருந்தது. உள்ளே பென்சிலில் எண் போட்டு எழுதியிருந்தான். '1. அம்மா போன் வந்தால் மாடிக்குப் போகிறாள். 2. ஸ்கேன் கவர் பீரோ மேலே இருக்கிறது. 3. பெரியம்மா "தலையில்" என்று சொன்னாள், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.' இப்படிப் பதினோரு துப்பு. கடைசிப் பக்கத்தில் 'சந்தேகப்படும் ஆட்கள்' என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு பெயர். அவனுடைய பெயர்.

ஒருநாள் ரிமோட்டுக்காகத் தங்கையைத் தள்ளிவிட்டிருக்கிறான். அவள் தலை சுவரில் இடித்திருக்கிறது. சில வாரங்கள் கழித்து மூளையில் கட்டி என்று தெரிந்திருக்கிறது. 'தலையில்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு மாதம் விசாரணை நடத்தி, குற்றவாளியைப் பிடித்துவிட்டான்.

நாம் தகவல் தராமல் விட்டால் குழந்தை விசாரணையைக் கைவிடுவதில்லை. கிடைத்ததை வைத்து முடித்துவிடும், முக்கால்வாசி நேரம் தன் தலையில்தான் கொண்டுபோய் முடிக்கும். 'நான் கோபத்தில் செத்துப் போன்னு சொன்னேன்', 'அன்னிக்கு நான் சொன்ன பேச்சு கேட்கலை.' எத்தனை கேட்டிருக்கிறேன்! நோட்டு எழுதியவன் இவன் ஒருவன்தான். மற்றவர்கள் மனதிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

இனி அந்த நாவல்களைப் பற்றி. எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. கதையில் மர்மம் அவிழலாம், ஆனால் இறந்தவர் இறந்தவராகவே இருக்க வேண்டும். நன்றாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்புவதில்லை. பூட்டிய வீடு திறக்கும், அண்ணன் வரமாட்டான், கடைசி அத்தியாயத்திலும் அவளுக்கு அழுகை வரும். இதைப் படிக்கும் குழந்தைக்கு 'எனக்கு மட்டும் இல்லை' என்ற ஒன்று கிடைக்கிறது. ஆனால் செத்ததாகச் சொன்னவர் கடைசியில் உயிரோடு வந்து நிற்கும் கதைகளும் உண்டு. அண்மையில் ஒருவரை இழந்த குழந்தை கையில், அதுவும் எட்டு வயதுக்குக் கீழே என்றால், அதைக் கொடுக்காதீர்கள். அது வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆகவே பெற்றோரே, முதலில் நீங்கள் படியுங்கள். ஒரே இரவில் முடிந்துவிடும், அழுதாலும் தப்பில்லை. பிறகு கண்ணில் படும் இடத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மருந்துபோல 'தினம் ரெண்டு அத்தியாயம் படி' என்று திணிக்காதீர்கள். புத்தகத்தால் மனதை ஆற்றும் வித்தைக்கு 'பிப்ளியோதெரபி' என்று 1916-ல் அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் குரோதர்ஸ் பெயர் வைத்தபோது அது பாதி வேடிக்கைக் கட்டுரை. நம் ஆட்கள் அதை முழு மாத்திரை ஆக்கிவிட்டோம். படித்து முடித்ததும் 'இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?' என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. அந்தச் சிறுமியைப் பற்றிப் பேசுங்கள், போதும். தன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றும்போது குழந்தையே தாவிவிடும். பாதியில் மூடிவைத்தால் மூடியே இருக்கட்டும்.

'தூங்குறா' என்று சொல்லாதீர்கள், இரவில் படுக்கப் பயப்படும். 'ஊருக்குப் போயிருக்கா' என்றால் எப்போது வருவாள் என்று கேட்கும். 'இறந்துட்டா' என்ற சொல்லை வாயைத் திறந்து சொல்லுங்கள், என்ன நோய் என்று பெயரையும் சொல்லுங்கள். 'இதுக்கும் நீ செஞ்சதுக்கும் சம்பந்தமே இல்ல' என்பதைக் குழந்தை கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பள்ளிக்கே போக மறுப்பது, ஆறு மாதம் தாண்டியும் எதிலும் ஒட்டாமல் இருப்பது என்றால் எங்களைப் போன்றவர்களிடம் வாருங்கள். 'நானும் அவகிட்ட போறேன்' என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றைக்கே வாருங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அந்தப் பையன் விஷயத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தங்கைக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் பெற்றோரோடு அவனை அனுப்பினேன். அவர் பீரோ மேலே இருந்த அதே ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டி, தள்ளியதால் இது வராது, அதற்கு வெகு முன்பே உள்ளே வளர ஆரம்பித்துவிட்டது என்று அவனிடமே சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை நோட்டோடு வந்தான். கடைசிப் பக்கத்தில் அவன் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. கதைப் புத்தகமும் பையில் இருந்தது, மடிப்பு முப்பது பக்கம் தள்ளிப் போயிருந்தது. நோட்டில் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி: '12. அவளுக்கு வலித்ததா?'

நோட்டை அவன் என்னிடம் நீட்டவில்லை, அம்மாவிடம் நீட்டினான். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "முதல்ல கொஞ்சம் வலிச்சுதுடா, அப்புறம் மருந்து குடுத்தாங்க" என்று அவர் ஆரம்பித்தார்.